திரும்ப வரும் என்பதை முதல் நாளே சொல்லுங்கள்: எங்கள் தோலை முதலில் பார்க்கும் பொது மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவர்களே,

என் அலமாரியில் ஒரு பழைய கோப்பு இருக்கிறது. அதில் 14 மருந்துச் சீட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறேன். முதல் சீட்டுக்கும் பதினான்காவது சீட்டுக்கும் இடையில் ஒன்பது ஆண்டுகள் ஓடியிருக்கின்றன. களிம்புகளின் பெயர் இருக்கிறது, மாத்திரைகளின் பெயர் இருக்கிறது, காலையா இரவா, எத்தனை நாள் என்பதெல்லாம் இருக்கிறது. எனக்கு என்ன நோய் என்பது மட்டும் ஒரு சீட்டிலும் இல்லை. அந்த ஒன்பது ஆண்டுகளில் அதை என்னிடம் வாய்விட்டுச் சொன்னவரும் இல்லை.

இந்த மடலைத் தோல் நோய் வல்லுநர்களுக்கு நான் எழுதவில்லை. எங்களில் பலர் அவர்களிடம் போய்ச் சேருவதற்குள் ஆண்டுகள் ஆகிவிடுகின்றன. சிலர் போய்ச் சேருவதே இல்லை. காய்ச்சலுக்கும் இருமலுக்கும் யாரிடம் போகிறோமோ அவரிடம்தான் அரிப்புக்கும் போகிறோம். மறைத்து மறைத்து வைத்திருந்த கையை முதன்முதலாகச் சட்டையை மடித்துக் காட்டுவது உங்களிடம்தான். அந்தச் சில நிமிடங்களில் நீங்கள் சொல்வதும் சொல்லாமல் விடுவதும் எங்கள் அடுத்த பல ஆண்டுகளைத் தீர்மானிக்கின்றன. அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

எனக்கு 21 வயதில் தொடங்கியது. இரண்டு முழங்கைகளிலும் நாணய அளவில் ஒரு தடிப்பு. மேலே வெள்ளி நிறத்தில் செதில் செதிலாக உதிரும். பிய்த்தால் அடியில் புள்ளி புள்ளியாக ரத்தம் கசியும். முதலில் பார்த்த மருத்துவர் இரண்டடி தள்ளியிருந்தே பார்த்தார். "படைதான், பத்து நாளில் போய்விடும்" என்றார். பூஞ்சைக்கான மருந்தும், அழற்சியை அடக்கும் ஸ்டீராய்டும் கலந்த களிம்பு ஒன்றை எழுதிக் கொடுத்தார். அவர் சொன்னபடியே பத்து நாளில் போய்விட்டது. எனக்கு அவர் மேல் பெரிய நம்பிக்கை வந்தது. ஒரு மாதத்தில் தடிப்பு திரும்ப வந்தது. இம்முறை முழங்கால்களிலும் தலையிலும்.

நல்ல எண்ணத்தோடு சொல்லப்பட்ட அந்த "போய்விடும்" என்ற சொல்தான் என்னை அலைய வைத்தது. போய்விடும் என்று சொல்லப்பட்ட ஒன்று திரும்ப வந்தால் நோயாளி என்ன நினைப்பார்? மருந்து சரியில்லை என்று நினைப்பார், அல்லது மருத்துவர் சரியில்லை என்று. இரண்டும் இல்லையென்றால் தன்னிடம்தான் ஏதோ குற்றம் இருக்கிறது என்று நினைப்பார். நான் மூன்றையும் நினைத்தேன். மருத்துவரை மாற்றினேன். சோப்பை மாற்றினேன். தலையணை உறையை நாள்தோறும் துவைத்தேன். எதைச் சாப்பிட்டேன், எதைத் தொட்டேன், யாருடைய துண்டைப் பயன்படுத்தினேன் என்று பின்னோக்கித் தேடிக்கொண்டே இருந்தேன். போதுமான அளவு சுத்தமாக இல்லை என்று என்னையே நான் ஏசிக்கொண்ட இரவுகள் உண்டு. தேய்த்துக் குளித்தால் போகும் என்று நம்பி முரட்டு நாரால் தேய்த்தேன். தேய்த்த இடமெல்லாம் புதிதாகத் தடித்தது.

காயம் பட்ட இடத்தில் புதிய தடிப்பு எழும் இந்த இயல்புக்குக் கோப்னர் நிகழ்வு என்று பெயர். 19-ஆம் நூற்றாண்டிலேயே ஹைன்ரிஷ் கோப்னர் என்ற ஜெர்மானிய மருத்துவர் விவரித்து வைத்தது. உங்கள் பாடப் புத்தகத்தில் இருந்திருக்கும், தேர்வுக்கும் கேட்டிருப்பார்கள். எனக்கு அதைச் சொல்லியிருந்தால், "தேய்க்காதே அம்மா" என்று ஒரே ஒரு வரி சொல்லியிருந்தால், என் முதுகில் பாதி தப்பியிருக்கும்.

ஆறாவது ஆண்டில் இன்னொருவர் மாத்திரை கொடுத்தார். ஒரு வாரத்தில் உடம்பு முழுவதும் துடைத்து வைத்தது போல் ஆனது. கண்ணாடி முன்னால் நின்று அழுதேன், சந்தோஷத்தில். மாத்திரை தீர்ந்தது. பதினைந்து நாட்களுக்குள், இதுவரை வராத இடங்களிலெல்லாம் வந்தது. தோல் முழுவதும் கனன்றது, குளிரில் நடுங்கினேன், மருத்துவமனையில் படுக்க வேண்டியிருந்தது. அது வாய்வழி ஸ்டீராய்டு என்பதும், என்னைப் போல் சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவருக்கு அதைக் கொடுத்துத் திடீரென்று நிறுத்தினால் நோய் பல மடங்காகச் சீறி எழக்கூடும் என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அவர் மேல் எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் அவரும் என் அவதியைப் பார்த்து, சீக்கிரம் போக்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில்தான் அதை எழுதினார். போக்கிவிட வேண்டும் என்ற அந்த அவசரத்தைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

பதினைந்தாவது சீட்டை எழுதியவர் ஒரு பொது மருத்துவர்தான். தோல் வல்லுநர் அல்லர். அவர் என் முழங்கையைக் கையுறை இல்லாமல் தொட்டுப் பார்த்தார். தலைமுடியை விலக்கிப் பார்த்தார், நகங்களைப் பார்த்தார், தொப்புளைக்கூடப் பார்த்தார். செதிலைச் சுரண்டி எடுத்து நுண்ணோக்கியில் வைத்துப் பூஞ்சை இல்லை என்று உறுதி செய்துகொண்டார். அதற்கு ஆன நேரம் சில நிமிடங்கள். பிறகு சீட்டின் தலைப்பில் "சொரியாசிஸ்" என்று எழுதி, அடிக்கோடிட்டு, என் பக்கம் திருப்பி வைத்துப் பேசினார்.

"இது தொற்றாது. உங்கள் தவறால் வரவில்லை. இது போகும், திரும்ப வரும், திரும்ப வரும்போது என்ன செய்வது என்று நமக்குத் தெரியும்."

இதற்காகத்தான் நான் ஒன்பது ஆண்டுகள் காத்திருந்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அவர் எனக்கு விளக்கிய விதத்தை உங்களிடம் சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு இரண்டு நிமிடங்களுக்கு மேல் ஆகவில்லை. தோலின் மேலடுக்கு ஓயாமல் புதுப்பித்துக்கொள்கிறது. அடியில் பிறக்கும் செல் மேலே வந்து உதிர்வதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சொரியாசிஸில் நோய் எதிர்ப்பு மண்டலம் தவறாக முடுக்கிவிடுவதால் அதே பயணம் சில நாட்களில் முடிந்துவிடுகிறது. முதிராத செல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து குவிகின்றன. அந்தக் குவியல்தான் தடிப்பும் செதிலும். களிம்பு அந்த வேகத்தைக் குறைக்கிறது. வேகத்தைத் தூண்டிவிடும் அடிப்படைக் காரணத்தை அழிப்பதில்லை. அதனால்தான் நிறுத்தினால் திரும்புகிறது. தொண்டையில் கிருமித் தொற்று, தோலில் காயம், மன அழுத்தம், சில மருந்துகள் ஆகியவை அதைத் திரும்ப எழுப்பும். பள்ளிப் படிப்பு இருக்கும் எவருக்கும் புரியும் விளக்கம் இது.

இதைச் சொன்னால் நோயாளி மனம் உடைந்துபோவார் என்று நீங்கள் அஞ்சக்கூடும். ஆனால் நீரிழிவு என்று தெரிந்த அன்றே, இது வாழ்நாள் முழுக்க இருக்கும் என்று சொல்லிவிடுகிறீர்கள். ரத்த அழுத்தத்துக்கும் ஆஸ்துமாவுக்கும் அப்படியே. தோலுக்கு மட்டும் "பத்து நாளில்" என்ற வாக்குறுதி எங்கிருந்து வந்தது? தோல் வெளியே தெரிவதால், அது வெளியிலிருந்து ஒட்டிக்கொண்ட அழுக்கு போலவும், துடைத்தால் போய்விடும் என்றும் நம் எல்லோருடைய மனத்திலும், மருத்துவர் மனத்திலும்கூட, ஓர் எண்ணம் இருக்கிறதோ என்று எனக்குத் தோன்றுகிறது. 2014-ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை சொரியாசிஸ் பற்றி ஒரு தீர்மானம் நிறைவேற்றியது. நாள்பட்டது, தொற்றாதது, வலி தருவது, இன்றுவரை முற்றாகக் குணப்படுத்தும் வழி இல்லாதது என்று அதில் எழுதியிருக்கிறார்கள். உலக நாடுகள் கூடி ஒப்புக்கொண்ட ஒன்றை ஓர் அறையில் இருவர் ஒப்புக்கொள்ளக் கூடாதா?

மனம் உடைந்தது உண்மைதான். ஆனால் அது ஒரு தடவை உடைந்து தேறியது. அதற்கு முன்பு, ஒவ்வொரு முறை திரும்ப வந்தபோதும் புதிதாக உடைந்துகொண்டிருந்தது.

பெயரைச் சொல்லுங்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் மொழியில் தோல் நோய்களுக்குச் சொற்கள் குறைவில்லை. சொறி, சிரங்கு, படை, படர்தாமரை, கரப்பான், தேமல், காணாக்கடி, பொடுகு. இவற்றில் பலவும் வேறு வேறு நோய், வேறு காரணம், வேறு மருந்து. ஆனால் மருத்துவர் பெயர் சொல்லாமல் அனுப்பும்போது வெளியே இருப்பவர்கள் ஒரு பெயர் வைத்துவிடுகிறார்கள், பெரும்பாலும் மிகவும் அஞ்சத்தக்க பெயரை. சொரியாசிஸ் வேறு, தொழுநோய் வேறு என்று மருத்துவ உலகம் தெளிவாகப் பிரித்ததே 1841-இல்தான், ஃபெர்டினாண்ட் ஹெப்ரா என்ற வியன்னா மருத்துவரால். அதற்கு முந்தைய நூற்றாண்டுகளில் எங்களைப் போன்றவர்கள் எத்தனை பேர் தொழுநோயாளிகள் என்று ஒதுக்கப்பட்டு வாழ்ந்து முடித்தார்களோ. நிறமிச் செல்கள் அழிவதால் வரும் வெண்திட்டுகளை வெண்குட்டம் என்று அழைத்த காலமும் நமக்கு வெகு தூரத்தில் இல்லை. தொழுநோயோடு எந்தத் தொடர்பும் இல்லாத, எவருக்கும் தொற்றாத ஒன்றுக்கு அந்தப் பெயரைச் சூட்டி, எத்தனை வாழ்க்கைகளைக் கெடுத்தோம். இப்போது வெண்புள்ளி என்று எழுதுகிறோம். ஒரு சொல்லை மாற்றுவதற்கே எவ்வளவு பாடுபட வேண்டியிருந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். சீட்டில் நீங்கள் எழுதும் பெயர், வீட்டில் எங்களுக்குத் துணையாக நின்று பேசுகிறது.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுக்கு வந்தது சொரியாசிஸ் அன்று, எக்ஸிமா எனப்படும் கரப்பான். ஐந்தாம் மாதத்தில் கன்னங்களில் கசிவோடு தொடங்கியது. நடக்கத் தொடங்கியபோது முழங்கைகளின் உட்புறமும் முழங்கால்களின் பின்புறமும் வறண்டு, தடித்து, வெடித்தது. இரவில் அவள் சொறிந்துகொள்ளும் சத்தம் கேட்டு நான் விழிப்பேன். காலையில் விரிப்பில் ரத்தத் துளிகள். குழந்தைகளில் நூற்றுக்கு 10 முதல் 20 பேருக்கு வாழ்நாளில் ஒரு கட்டத்தில் கரப்பான் வருவதாகச் சொல்கிறார்கள். அத்தனை வீடுகளிலும் இப்படி ஒருவர் இரவில் விழித்துக் கிடக்கிறார்.

"வளர்ந்தால் சரியாகிவிடும்" என்றார்கள். பல குழந்தைகளுக்குச் சரியாவதும் உண்மை. ஆனால் அதுவரை என்ன செய்வது என்ற கேள்விக்கு அது பதிலாகாது. எழுதித் தந்த ஸ்டீராய்டு களிம்பைப் பற்றி எனக்குச் சொல்லப்பட்டது ஒரே ஒரு சொல்தான்: "லேசாக." லேசாகத் தடவுங்கள். கூடவே, "அதிகம் போட்டால் தோல் மெலிந்துவிடும்" என்ற எச்சரிக்கை. மருந்துக் கடையிலும் அதே எச்சரிக்கை, குழாயோடு வந்த தாளிலும் அதே. ஏற்கெனவே ஸ்டீராய்டால் சூடு பட்டவள் நான். என் கை நடுங்கியது. பட்டும் படாமலும் தடவினேன். இரண்டு நாளில் சற்றுத் தணிந்ததும் நிறுத்தினேன். அடுத்த வாரம் திரும்ப வந்தது. இப்படியே ஒன்றரை ஆண்டுகள், அவளுடைய அரிப்பை முழுவதும் அணைக்காமல், அணையாத தணலாகவே வைத்திருந்தேன். மருந்தைக் கொண்டே மருந்து வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டேன்.

ஒரு செவிலியர் என் விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார். பெரியவரின் ஆட்காட்டி விரல், நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை. அந்த நீளத்துக்குக் குழாயிலிருந்து களிம்பைப் பிதுக்கினால் ஏறத்தாழ அரை கிராம். பெரியவர் ஒருவரின் இரண்டு உள்ளங்கைகளை, விரல்களையும் சேர்த்து, ஒன்றாக வைத்தால் எவ்வளவு பரப்போ, அவ்வளவு தோலுக்கு அது போதும். இந்த அளவை 1991-இலேயே வகுத்து வைத்துவிட்டார்கள். மூன்று முதல் ஐந்து வயதுள்ள குழந்தைக்கு, ஒரு கால் முழுவதும் பாதம் உட்படத் தடவ வேண்டியிருந்தால் அப்படி மூன்று விரல் நுனி அளவு வேண்டும். நான் இரண்டு கால்களுக்கும் சேர்த்து ஒன்றுதான் எடுத்துக்கொண்டிருந்தேன். தேவையில் ஆறில் ஒரு பங்கு.

மருத்துவர்களே, "லேசாக" என்பது ஓர் அளவே அல்ல. இதயத்துக்கான மாத்திரையை "கொஞ்சமாக" விழுங்கச் சொல்வீர்களா? களிம்புக்கும் அளவு உண்டு, வலிமையில் படிநிலை உண்டு, இத்தனை நாள் என்ற கெடு உண்டு. முகத்துக்கும் இமைக்கும் தோல் மடிப்புகளுக்கும் வலிமை குறைந்தது. தடித்துப்போன உள்ளங்காலுக்கு வலிமை மிகுந்தது. ஹைட்ரோகார்ட்டிசோன் என்ற ஸ்டீராய்டு களிம்பு கரப்பானுக்குப் பலன் தருவதாக முதன்முதலில் வெளியான ஆண்டு 1952. எழுபது ஆண்டுகளுக்கு மேற்பட்ட அனுபவம் கையில் இருக்கும் மருந்து அது. அதைக் கண்டு ஒரு தலைமுறைத் தாய்மார்கள் அஞ்சுகிறார்கள் என்றால், தவறாகப் பயன்படுத்தினால் என்ன ஆகும் என்று மட்டுமே எங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது, சரியாகப் பயன்படுத்துவது எப்படி என்று சொல்லப்படவில்லை என்றுதான் பொருள். மறுபக்கம், படர்தாமரைக்கு வலிமையான ஸ்டீராய்டைப் பூசிப் பூசி, அரிப்பு மட்டும் அடங்கி, பூஞ்சை அடியில் பரவி, வடிவமே தெரியாமல் உருமாறி நிற்பவர்களையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு சேதங்களுக்கும் வேர் ஒன்றுதான். என்ன நோய் என்று பார்க்காமல் எழுதப்பட்ட களிம்பு, எப்படிப் போடுவது என்று சொல்லாமல் கொடுக்கப்பட்ட களிம்பு.

அந்தச் செவிலியர் இன்னும் சில சொன்னார். கரப்பான் உள்ள தோல், காரை உதிர்ந்த சுவர் போன்றது. உள்ளே இருக்கும் ஈரம் வெளியே போகும், வெளியே இருக்கும் எரிச்சலூட்டிகள் உள்ளே வரும். சிலருக்கு இது பிறப்பிலேயே அமைந்தது. மேல்தோலைக் கட்டுறுதியாக வைக்கும் ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணுவில் குறை இருப்பவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006-இல் கண்டறிந்திருக்கிறார்கள். ஆகவே ஈரப்பதக் களிம்பு ஒப்பனைப் பொருள் அன்று, அதுவும் மருந்துதான். உடம்பு முழுவதும் வறண்ட குழந்தைக்கு வாரம் 250 கிராம்கூடத் தேவைப்படும். எனக்கு எழுதித் தரப்பட்டிருந்தது 50 கிராம் குழாய் ஒன்று, மாதத்துக்கு. குளித்ததும் தோலை ஒற்றியெடுத்து, ஈரம் காயும் முன்பே பூச வேண்டும். சாதாரண சோப்பு வேண்டாம். தோல் இயல்பில் சற்று அமிலத் தன்மை கொண்டது, சோப்பு காரம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எனக்கு வியப்பாக இருந்த ஒன்று: தோல் தெளிந்த பிறகும், வழக்கமாக வெடிக்கும் இடங்களில் வாரத்தில் இரண்டு நாள் ஸ்டீராய்டு களிம்பைத் தொடரலாம், அப்படிச் செய்தால் திரும்ப வருவது குறைகிறது. வந்த பிறகு துரத்துவதற்குப் பதில், வரும் இடத்தில் காவல் நிற்பது. இது சில குழந்தைகளுக்கே தேவைப்படும், மருத்துவர் சொல்லித்தான் செய்ய வேண்டும் என்பதையும் அவர் சொல்லத் தவறவில்லை. ஆனால் நாள்பட்ட நோய் என்று ஒப்புக்கொண்டால் மட்டுமே இப்படி ஒரு வைத்தியத்தை எழுத முடியும். பத்து நாளில் போய்விடும் என்று சொல்லிவிட்டு, தெளிந்த தோலுக்கு எப்படி மருந்து எழுதுவது?

மகள் மூன்று வாரங்களில் இரவு முழுவதும் தூங்கினாள். நானும்தான்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இது என்னை மிகவும் வருத்திய விஷயம். "சிவந்திருந்தால் வாருங்கள்" என்று எங்களிடம் சொன்னார்கள். மகளின் தோல் கறுப்பு. அது சிவக்கவில்லை. கருஞ்சிவப்பாக, ஊதாவாக, சில இடங்களில் சாம்பல் பூத்தது போல மாறியது. சிவக்கவில்லையே, பெரிதாக இருக்காது என்று நான் காத்திருந்தேன். கறுத்த தோலில் அழற்சி இப்படித்தான் தெரியும். தொட்டால் சூடும் தடிப்பும் தெரியும். பாடநூல்களின் படங்களில் வெளுத்த தோலே நிறைந்திருப்பதைப் பல மருத்துவர்களே சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். 2020-இல் லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் தன் ஆசிரியர்களோடு சேர்ந்து, கறுத்த தோலில் நோய்க்குறிகள் எப்படித் தெரியும் என்று ஒரு கையேடே தொகுத்தார். கறுத்த தோலில் இது எப்படித் தெரியும் என்று அந்த மாணவர் கேட்ட கேள்வியை நாமும் கேட்கலாம். அழற்சி அடங்கிய பிறகும் கருந்தழும்பு பல மாதங்கள் நிற்கும், அது நோய் தொடர்கிறது என்று பொருளல்ல என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். அந்தத் தழும்பைப் போக்குவதாக நினைத்துக்கொண்டு ஸ்டீராய்டைத் தொடர்ந்து பூசுபவர்கள் இருக்கிறார்கள்.

எல்லாத் தோல் நோயும் நாள்பட்டது என்று நான் சொல்லவில்லை. சிரங்குப் பூச்சியால் வரும் சொறி, முறையான மருந்தை வீட்டிலுள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் போட்டுக்கொண்டால் தீரும். ஆனால் அரிப்பு மட்டும் சில வாரங்கள் நீடிக்கும் என்பதை முன்பே சொல்லாவிட்டால், அதே மருந்தைத் திரும்பத் திரும்பப் பூசித் தோலைப் புண்ணாக்கிக்கொள்வார்கள். முகப்பருவுக்கான மருந்து பலன் காட்ட வாரக்கணக்கில் ஆகும்; எட்டு வாரமாவது பொறுக்க வேண்டும் என்று பதினாறு வயதுப் பிள்ளையிடம் சொல்லாமல் அனுப்பினால், இரண்டாம் வாரம் குழாய் குப்பைக்குப் போகும். காணாக்கடி ஆறு வாரங்களுக்கு மேல் நீடித்தால்தான் நாள்பட்டது. நான் கேட்பது ஒன்றுதான். எதுவாக இருந்தாலும் அதன் காலத்தைச் சொல்லுங்கள். எத்தனை நாள், எத்தனை வாரம், அல்லது எத்தனை ஆண்டுகள்.

நீங்கள் எங்களிடம் கேட்காத கேள்விகளும் உண்டு. "எத்தனை சதவீதம் தோலில் இருக்கிறது" என்று கணக்கிடுகிறீர்கள். என் உடம்பில் அது ஒரு கட்டத்தில் இரண்டு சதவீதத்துக்கும் குறைவாகத்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டு சதவீதம் உள்ளங்கைகளில் இருந்தது. பேருந்தில் கம்பியைப் பிடிக்கவும், சில்லறை வாங்கவும், குழந்தையின் கன்னத்தைத் தடவவும் நான் பயன்படுத்தும் கைகள். சில்லறையை என் கையில் வைக்காமல் மேசையில் வைத்த ஒருவரின் முகம் இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. அன்று மாலை எந்த மருத்துவராவது "தூங்கினீர்களா, வேலைக்குப் போனீர்களா, யாரையாவது பார்க்கத் தயங்கினீர்களா" என்று கேட்டிருந்தால் நான் உடைந்து அழுதிருப்பேன். பிறகு எனக்குச் சரியான மருந்து கிடைத்திருக்கும். இதற்கென்றே 1994-இல் ஃபின்லே, கான் என்ற இருவர் பத்துக் கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். கடந்த ஒரு வாரத்தில் அரிப்பு எவ்வளவு, கூச்சம் எவ்வளவு, உடை தேர்ந்தெடுப்பதில் தோலின் பங்கு எவ்வளவு, வேலை, விளையாட்டு, நெருக்கமானவர்களுடன் உறவு. பதில்களைக் கூட்டினால் பூஜ்யம் முதல் 30 வரை ஒரு மதிப்பெண் வரும். காத்திருக்கும் நேரத்தில் நோயாளியே நிரப்பிவிடலாம். உங்கள் நேரம் ஒரு நிமிடம்கூடப் போகாது.

மூட்டுகளைப் பற்றியும் கேளுங்கள். இதைக் கெஞ்சியே கேட்கிறேன். சொரியாசிஸ் உள்ளவர்களில் மூன்றில் ஒருவர் வரை மூட்டு அழற்சிக்கு ஆளாகலாம். என் வலது கையின் நடுவிரல் தடித்து வீங்கியபோது அதை எங்கோ இடித்துக்கொண்டதாக நினைத்தேன். நகங்களில் ஊசியால் குத்தியது போன்ற குழிகள் இருந்தன, யாரும் கேட்கவில்லை. காலையில் விரல்களை மடக்க ஒரு மணி நேரம் ஆனது, யாரும் கேட்கவில்லை. ஆறு மாதத் தாமதம்கூட மூட்டில் நிலையான சேதத்தைக் கூட்டிவிடும் என்று பின்னர் படித்தேன். எனக்கு இரண்டு ஆண்டுகள் தாமதமானது. அந்த விரல் இப்போது முழுவதும் மடங்குவதில்லை. "காலையில் எழும்போது மூட்டு இறுக்கமாக இருக்கிறதா?" என்ற ஒரு கேள்விதான் அதற்கு வேண்டியிருந்தது.

உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியாமல் இல்லை. வெளியே நீளும் வரிசையில் நானே உட்கார்ந்திருந்திருக்கிறேன். மூச்சுத் திணறலோடு ஒருவர் காத்திருக்கும்போது அரிப்பைப் பற்றி எவ்வளவு நேரம் பேச முடியும் என்பதும் புரிகிறது. ஆனால் உலகில் எந்த நேரத்திலும் சுமார் 180 கோடிப் பேர் ஏதோ ஒரு தோல் நோயோடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அவர்களில் கணிசமானோர் இன்று உங்கள் வரிசையிலும் இருப்பார்கள். நாங்கள் ஒரு மருத்துவரிடமிருந்து இன்னொருவரிடம், அவரிடமிருந்து மற்றொருவரிடம் என்று பதினான்கு முறை அலைந்து எடுத்துக்கொண்ட நேரமும் உங்கள் நேரம்தானே.

பதினைந்தாவது சீட்டின் பின்புறத்தில் அந்த மருத்துவர் தன் கையால் மூன்று வரிகள் எழுதியிருந்தார். தோல் நன்றாக இருக்கும்போது என்ன செய்வது என்று ஒரு வரி. வெடிக்கும்போது எந்தக் களிம்பு, எத்தனை விரல் நுனி, எத்தனை நாள் என்று ஒரு வரி. காய்ச்சல், சீழ், உடம்பு முழுவதும் கனன்று சிவத்தல் அல்லது கருத்துத் தடித்தல், மூட்டு வீக்கம் ஆகியவற்றில் ஒன்று வந்தாலும் காத்திருக்காமல் உடனே வரவேண்டும் என்று ஒரு வரி. அதன் கீழே ஒரு தேதி: ஆறு வாரம் கழித்து. "சரியாகாவிட்டால் வாருங்கள்" என்று எழுதாமல் தேதி குறித்துக் கொடுத்திருந்தார். சரியானாலும் போனேன். நோய் தணிந்திருக்கும் நாளில் ஒரு மருத்துவரைப் பார்ப்பது எனக்கு அதுவே முதல் முறை. அழுகையோ அவசரமோ இல்லாமல் கேள்விகள் கேட்டேன். அவரும் நிதானமாகப் பதில் சொன்னார்.

அந்தச் சீட்டை மடித்து மடித்து ஓரம் கிழிந்துவிட்டதால் ஒளிநகல் எடுத்து வைத்திருக்கிறேன். மகளுக்கும் அதே போல் ஒன்று எழுதி வாங்கி, பள்ளி ஆசிரியரிடம் ஒரு பிரதி கொடுத்திருக்கிறேன். அதன் தலைப்பில் நோயின் பெயர் இருக்கிறது, பக்கத்திலேயே "தொற்றாது" என்று எழுதியிருக்கிறது. வகுப்பில் அவளைத் தனி பெஞ்சில் உட்கார வைக்க வேண்டுமா என்று பெற்றோர் ஒருவர் கேட்டபோது ஆசிரியர் அந்தத் தாளைத்தான் எடுத்துக் காட்டினாராம்.

உங்கள் மேசையிலும் சீட்டுக் கட்டு இருக்கிறது. அடுத்து வருபவர் சட்டையை மடித்துக் காட்டும்போது தலைப்பில் பெயரை எழுதுங்கள், பின்புறத்தில் அந்த மூன்று வரிகளையும் எழுதுங்கள், தேதியையும் குறியுங்கள்.

நன்றியுடன்,
சொரியாசிஸோடு வாழும் ஒரு பெண்,
கரப்பான் உள்ள ஒரு சிறுமியின் தாய்